ஒயில் நிற்காத சிலிண்டர்: குரோம் ரொட்டில் லேத் வேலை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட தேயிலைத் தோட்டமொன்றில் ஓடும் பெக்கோ, அதாவது மண் அள்ளும் இயந்திரம், இது. மழைக்காலத்தில் தோட்ட வீதியில் சரிந்த மண்ணை அள்ளும். மழை விட்டால் கான் வெட்டும், உர ஸ்டோரில் உரக்கலவையை டிரெய்லருக்கு ஏற்றும். பின்கையின் வெளிப்பாதியான ஸ்டிக்கை அசைக்கும் ஹைட்ரோலிக் சிலிண்டரில், ரொட் (குரோம் பூசிய தண்டு) வெளிவரும் வாயில் ஒயில் சொட்டத் தொடங்கியது. சிலிண்டரின் உள்விட்டம் 90 மி.மீ., ரொட் 50 மி.மீ., ரொட்டின் நீளம் 1,180 மி.மீ., வேலை அழுத்தம் 210 பார்.

சீல் கிட் மாற்றினார்கள். சில வாரங்களில் மறுபடி சொட்டியது. இன்னொரு கிட் போட்டார்கள், அதுவும் அப்படியே. கிட்டின் தரத்தைக் குறை சொல்லி, கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் விலை கூடியதாகத் தேடி வாங்கிப் போட்டபோதும் கதை மாறவில்லை. மலையகத்துக் கராஜ்களில் அடிக்கடி காணும் வரிசைதான் இது. ஒயில் சொட்டும் இடத்தில் சீல் இருப்பதால் பழி சீலின் மேல் விழுகிறது. சீலின் உதடு பொலியூரதேன். அதை ஓயாமல் அறுத்துக்கொண்டிருப்பது அதன்மேல் போய்வரும் ரொட்.

ரொட்டைச் சோதித்தல்

ரொட்டை முழுக்க வெளியே நீட்டி, மண்ணெண்ணெயில் துடைத்து, நகத்தை நீளவாக்கில் ஓட்டினால் போதும். நகம் தடுக்கும் இடம் சீலையும் தடுக்கும். இந்த ரொட்டில் கண் முனையிலிருந்து (ஊசி கோக்கும் துளையுள்ள வெளிமுனை) ஏறத்தாழ 300 மி.மீ. தூரம் வரை ஊசி குத்தியது போன்ற புள்ளிகள் இருந்தன. அவை சுற்றிலும் சமமாக இல்லை. மேற்பக்கத்தில் அடர்த்தி, கீழ்ப்பக்கத்தில் மிகக் குறைவு. இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்கும் நேரத்தில் வெளியே நிற்கும் பகுதியில், மேலே தூசும் பனியும் படியும் பக்கத்தில், புள்ளிகள் திரண்டிருந்தன. கல் பட்டோ மண் உரசியோ வந்த சேதமென்றால் நீளவாக்கில் கீறல்கள் இருக்கும். புள்ளிகள் என்றால் அரிப்பு.

கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளைக் காட்டிக்கொடுக்க மயில்துத்தம் போதும். நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர்கள் போர்டோ கலவைக்கு வாங்கும் அதே நீலக் கல்தான். ஒரு லீற்றர் நீரில் 50 முதல் 100 கிராம் வரை கரைத்து, எண்ணெய்ப்பசை நீங்கத் துடைத்த ரொட்டில் பஞ்சால் பூசவேண்டும். குரோம் அதனோடு வினை செய்யாது, வெள்ளையாகவே இருக்கும். இரும்பு வெளித்தெரியும் ஒவ்வொரு புள்ளியிலும் செம்பு படிந்து செந்நிறம் காட்டும். இந்த ரொட்டில் நகத்துக்கு எட்டியவற்றைப் போல இன்னும் பல மடங்கு புள்ளிகள் சிவந்து தெரிந்தன. சோதனை முடிந்ததும் நல்ல நீரில் கழுவித் துடைத்து ஒயில் பூச மறக்கக்கூடாது. மிச்சமிருக்கும் துத்தமே துருவைத் தொடக்கிவிடும்.

வளைவையும் பார்த்தாயிற்று. ரொட்டைக் கழற்றி இரண்டு வீ-பிளொக் மேல் வைத்து, நடுவில் டயல் கேஜ் முள்ளை வைத்துச் சுழற்றினால் முள் 0.3 மி.மீ. ஆடியது. முள் காட்டுவது வளைவின் இரட்டிப்பு, ஆகவே உண்மை வளைவு 0.15 மி.மீ. இந்த நீளத்துக்கு அது தள்ளுபடி செய்யத்தக்கது.

குரோமைத் தின்றது எது

ஹைட்ரோலிக் ரொட்டில் இருப்பது கடினக் குரோம். குழாய்த்திருகியின் மினுக்கத்துக்குப் பூசும் குரோமைவிட இது மிகத் தடிப்பு. துப்பாக்கிக் குழலின் உட்புறத்தைத் தேய்வு தாங்கவைக்கும் குரோமும் இதே வகைதான். ரொட்டில் வழக்கமான தடிப்பு 20 முதல் 30 மைக்ரோன், கடினம் 850 முதல் 1,000 விக்கர்ஸ் (கடினத்தை அளக்கும் அலகு). பூசும்போதே அதற்குள் இழுவிசைத் தகைப்பு ஏறி, மயிரிழையைவிட நுண்ணிய வெடிப்புகள் வலைபோல் உண்டாகின்றன. அந்த வலை ஒயிலைப் பிடித்து வைப்பதால் சீலுக்கு நல்லது. ஆனால் மேலுள்ள அந்த ஒயில் படலம் காய்ந்துபோனால் அதே வெடிப்பு நீருக்கு வழியாகிறது.

வெறும் மழைநீரால் இத்தனை விரைவில் இப்படி ஆகாது. குரோமைக் காப்பது அதன் மேலுள்ள மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம். அந்தப் படலத்தை உடைப்பதில் குளோரைட்டுக்கு நிகர் வேறில்லை. தேயிலை உரக்கலவையில் யூரியா, எப்பாவல பொஸ்பேட் ஆகியவற்றோடு பொட்டாசியத்துக்காகச் சேர்ப்பது எம்ஓபி, அதாவது பொட்டாசியம் குளோரைட். எடையில் ஏறத்தாழப் பாதி குளோரைட்டுதான். பகலில் உரத் தூசு ரொட்டில் படிகிறது, இரவில் பனி இறங்கி அதைக் கரைக்கிறது, காலையில் அந்த உப்புநீர் வெடிப்புகளுக்குள் நிற்கிறது. கீழே இரும்பு துருப்பிடித்துப் பருமனாகி மேலுள்ள குரோமைத் தள்ளி எழுப்புகிறது. அப்படி எழும்பிய ஓரம்தான் சீலின் உதட்டை அறுக்கும் கத்தி.

இன்னொரு எதிரியையும் சொல்லவேண்டும். கட்டட வேலைக்கு வாடகையில் போய்வந்த இயந்திரங்களில் சீமெந்தைக் கழற்ற ‘அசிட்’ ஊற்றிக் கழுவும் பழக்கம் இருக்கிறது. அது ஐதரோகுளோரிக் அமிலம். குரோம் பூசும் தொழிலில் பழைய பூச்சைக் கரைத்தெடுக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே கழுவலில் புத்தம்புது ரொட் பாழாகலாம்.

பூசுவதா, புதிது செய்வதா

அரிப்புக் குழிகளில் ஆழமானவை 0.3 மி.மீ. வரை இருந்தன. மறுபடி பூசவேண்டுமென்றால் பழைய குரோமைக் கழற்றி, குழிகள் மறையும்வரை பக்கத்துக்கு 0.3 மி.மீ. கிரைண்ட் செய்து, அதற்கும் மேலாகப் பூசி, மீண்டும் கிரைண்ட் செய்து 50 மி.மீ. அளவுக்குக் கொண்டுவர வேண்டும். குரோமிக் அமிலத் தொட்டியில் பூச்சு ஏறும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 25 மைக்ரோன். 0.35 மி.மீ. ஏற 14 மணிநேரம். தடிப்பு கூடக்கூட உள்தகைப்பும் ஓரங்களில் முண்டு கட்டுவதும் கூடும். குழியை மறைக்காமல் மேலே பூசினால் குழி அப்படியே தெரியும், ஏனென்றால் குரோம் பள்ளத்தை நிரப்பாது, படியெடுக்கும்.

50 மி.மீ. தடிப்பில் இது கட்டுப்படியாகாது. கொழும்பில் குரோம் பார் நீளத்துக்கு வெட்டி விற்கிறார்கள். வாங்கும்போது மூன்று விடயங்களைக் கேட்கவேண்டும். உருக்கு சி45 வகையா, விட்டம் எஃப்7 அளவிலா, மேல்தோல் தூண்டல்முறையில் கடினமாக்கப்பட்டதா. எஃப்7 என்றால் 50 மி.மீ. பாருக்கு 49.950 முதல் 49.975 வரை. மைக்ரோமீட்டரை மூன்று இடங்களில் வைத்துப் பார்த்துவிட்டே பணம் கொடுக்கவேண்டும். கடினமாக்கிய பாரில் குரோமின் கீழே 1.5 முதல் 2.5 மி.மீ. ஆழத்துக்கு 55 ராக்வெல்லுக்கு (இன்னொரு கடின அளவை) மேற்பட்ட தோல் இருக்கும். லேத்காரருக்கு அது தொல்லை. ஆனால் கருங்கல்லும் குவார்ட்சும் உருண்டு வரும் மலைச்சரிவில் வேலை செய்யும் ரொட்டுக்கு அது வேண்டும். மென்மையான உருக்கின்மேல் உள்ள குரோம், மெத்தைமேல் வைத்த அப்பளம். கல் பட்டால் அடி பள்ளமாகும், மேல் நொறுங்கும்.

முதற் புது ரொட் ஏன் தவறியது

பார் வாங்கி, நகரத்து லேத் பட்டறையொன்றில் பழையதைப் பார்த்துப் புது ரொட் செய்து போட்டார்கள். அளவுகள் எல்லாம் சரி. ஆனால் பூட்டிய சில நாட்களிலேயே கசிவு, சில வாரங்களில் பிஸ்டன் நட் தளர்ந்து உள்ளே அடிக்கும் சத்தம். கழற்றிப் பார்த்ததில் காரணம் வெளிச்சமானது.

பிஸ்டன் முனையில் 50 மி.மீ. பாரை 38 மி.மீ. ஆகக் குறைத்துப் பிஸ்டன் உட்காரும் தோளொன்று வெட்டவேண்டும். அதற்கப்பால் எம்36, 2 மி.மீ. புரியில் மரை. தோளின் வெளிவிளிம்பில் குரோம் வெட்டப்படாமல், உடைந்திருந்தது. விளிம்பு முழுக்க 1, 2 மி.மீ. அகலத்தில் பிறைவடிவச் சில்லுகள் பெயர்ந்த தடம். கிளாண்டை (சிலிண்டர் வாயை அடைத்து ரொட் சீலைத் தாங்கும் மூடி) பிஸ்டன் பக்கமிருந்து ஏற்றும்போது சீலின் உதடு அந்த ரம்பத்தின்மேல் ஏறிப் போயிருக்கிறது. பூட்டி முடிக்குமுன்பே சீல் அறுந்துவிட்டது. பெயர்ந்த சில்லொன்று தோளுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சிக்கியிருந்தது. இறுக்கிய நேரத்தில் நட் இறுகியதாகவே தோன்றியிருக்கும். வேலையில் சில்லு நசுங்கித் தூளானதும் இறுக்கம் போய்விட்டது.

அந்த இறுக்கம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கு சொல்லும். ரொட் உள்ளே இழுக்கும்போது 210 பார் அழுத்தம் 90-க்கும் 50-க்கும் இடைப்பட்ட வளையப் பரப்பில் விழுகிறது. பரப்பு ஏறத்தாழ 4,400 சதுர மி.மீ., விசை 92 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 9.4 தொன். இது முழுவதும் மரையின் அடிவிட்டமான 33.5 மி.மீ. குறுக்குவெட்டில் இறங்குகிறது. சதுர மி.மீ.க்கு 105 நியூட்டன் அளவு. சி45 அதை எளிதில் தாங்கும், நட் இறுக்கமாக இருக்கும்வரை. தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு இழுப்பும் சம்மட்டி அடி. மரையின் முதற்புரியில் களைப்பு வெடிப்பு தொடங்குவது அப்போதுதான்.

குரோம் ஏன் உடைந்தது? சாதாரண எச்.எஸ்.எஸ். (அதிவேக உருக்கு) வெட்டுளியின் கடினம் 800 முதல் 870 விக்கர்ஸ் அளவில். குரோம் அதற்குச் சமம் அல்லது மேல். உளி வெட்டாது, உரசும், சூடேற்றும், கடைசியில் பிடுங்கும். போதாததற்குத் தோளின் முகத்தை நடுவிலிருந்து வெளியே நோக்கி வெட்டியிருக்கிறார்கள். உளி விளிம்பைத் தாண்டும்போது குரோமுக்குப் பின்னால் தாங்கல் எதுவும் இல்லை, உருக்கிலிருந்து அதை உரித்துத் தள்ளுகிறது. சக்கின் (லேத்தில் ரொட்டைப் பிடிக்கும் தலை) கடின வாய்கள் ரொட்டின் நடுவில் நான்கு இடங்களில் தடம் பதித்திருந்ததும் தெரிந்தது. அந்த நான்கும் சீலின் பாதையில்.

சரியான வரிசை

இரண்டாம் ரொட்டில் ஒரேயொரு கொள்கை: வெட்டுளி குரோமைத் தொடவேகூடாது. குரோமை உராய்ந்துதான் நீக்கவேண்டும், வெட்டி நீக்கக்கூடாது.

சக்கில் பிடிக்குமுன் 50 மி.மீ.க்குத் துளைத்து ஒருபக்கம் பிளந்த அலுமினிய புஷ் ஒன்றைப் போட்டு அதன்மேல் வாய்களை இறுக்கவேண்டும். செப்புத் தகடு மடித்து வைப்பது இரண்டாம்பட்சம், ஏனென்றால் மடிப்பு நகர்ந்தால் ரொட்டும் நகரும். பழைய லேத்கள் பலவற்றின் தண்டுத் துளையில் 50 மி.மீ. பார் நுழையாது. அப்போது ரொட்டை இடையில் தாங்கும் ஸ்டெடி கட்டாயம். தோள் வரவிருக்கும் இடத்திலிருந்து 50 மி.மீ. உள்ளே, உருளை விரல்களுள்ள ஸ்டெடியை வைத்து டயல் கேஜில் ஆட்டம் 0.02 மி.மீ.க்குள் வரும்வரை சரிசெய்து, முனையில் சென்டர் துளை போட்டு, லேத்தின் எதிர்முனைத் தாங்கியான டெயில்ஸ்டொக்கால் தாங்கவேண்டும்.

அடுத்தது தோளின் இடத்தைக் குறிப்பது. 1 மி.மீ. தடிப்புள்ள கட்டிங் டிஸ்க் பூட்டிய கையடக்கக் கிரைண்டரால், லேத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, குறியிட்ட இடத்தில் அரை மி.மீ. ஆழத்துக்கு ஒரு வளையக் கோடு போடவேண்டும். இந்தக் கோடு ஒரு வேலி. இந்தப் பக்கம் எது பெயர்ந்தாலும் அந்தப் பக்கம் போகாது. பின் கோட்டிலிருந்து முனைவரையுள்ள குரோமை 60 கிரிட் பிளாப் டிஸ்க்கால் சீராக உராய்ந்து எடுக்கவேண்டும். முடிந்ததா என்பதைக் கண்ணால் தீர்மானிக்கக் கூடாது, குரோமும் உராய்ந்த உருக்கும் ஒரே மினுக்கம். இங்கும் மயில்துத்தம்தான். பூசினால் முழுவதும் சிவக்கவேண்டும். வெள்ளைத் திட்டு இருந்தால் அங்கே குரோம் மிச்சம். இந்த ஒரு சோதனையைச் செய்யும் பட்டறைகள் குறைவு. அதனால்தான் உளி முனை உடைவதற்கு உருக்கைக் குறை சொல்கிறார்கள்.

உராயும் நேரம் முழுக்க லேத்தின் படுக்கையை ஈரத் துணியால் மூடியிருக்கவேண்டும். விழும் தூள் அரத்தூள். வழுக்குப்பாதையில் புகுந்தால் அந்த லேத் அதன்பிறகு நேராக வெட்டாது. முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் நிற்கக்கூடாது.

கடினத் தோலைக் கழற்ற சிபிஎன் (வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள போரன் நைத்திரைட்டு) முனை கிடைத்தால் நிமிடத்துக்கு 110 மீற்றர் வெட்டுவேகம், அதாவது 50 மி.மீ. விட்டத்தில் 700 சுற்று, ஒரு தடவைக்கு 0.25 மி.மீ. ஆழம். கிடைக்காவிட்டால் பூச்சிட்ட கார்பைட் முனையில் 40 மீற்றர், 250 சுற்று, 0.3 மி.மீ. ஆழம். முனைகள் தேயும், ஒவ்வொரு தடவையும் விளிம்பைப் பார்த்து மாற்றவேண்டும். தோலைத் தாண்டி மென்மையான உள்ளுருக்குக்கு வந்ததும் 80 மீற்றருக்கு ஏற்றி 1.5 மி.மீ. ஆழத்தில் வேலையை முடிக்கலாம். எரிவாயுச் சுவாலையால் முனையைச் சிவக்கக் காய்ச்சித் தோலை இளக்கும் குறுக்குவழியைச் சில பாஸ்மார் கையாள்கிறார்கள். அது வேண்டாம். சூடு தோளைத் தாண்டிப் போகும், 400 பாகைக்கு மேல் குரோமும் கடினம் இழக்கும், அடியிலுள்ள தோலும் இளகும்.

பிஸ்டன் உட்காரும் பகுதி 38 எச்7, அதாவது 37.975 முதல் 38.000 வரை. தோளின் அடிமூலையில் 1 மி.மீ. ஆரை வைத்து, பிஸ்டன் துளையின் வாயில் 1.5 மி.மீ. சரிவு கொடுக்கவேண்டும். சரிவு சிறிதானால் பிஸ்டன் ஆரையின்மேல் ஏறி நிற்கும், முகத்தில் உட்காராது. மரைக்கு முன் 5 மி.மீ. அகலத்தில் 33 மி.மீ. விட்டத்துக்கு ஒரு பள்ளம், அடியில் ஆரையுடன். தோளின் முகத்தை வெளியிலிருந்து நடுவை நோக்கி வெட்டுவது இங்கே விதி. அப்படிச் செய்தால் விசை குரோமை உருக்கோடு அழுத்தும்.

கடைசியாக விளிம்பு. ஏற்கெனவே போட்ட வளையக் கோட்டுக்கு உள்ளே, குரோம் இருக்கும் பக்கத்தில், 4 மி.மீ. நீளத்துக்கு 15 பாகைச் சரிவை உராய்ந்து எடுத்து, 400 பின் 600 கிரிட் தாளால் மினுக்கவேண்டும். குரோம் எங்கே முடிகிறது, உருக்கு எங்கே தொடங்குகிறது என்று நகத்துக்குத் தெரியாமலிருந்தால் வேலை முடிந்தது. இந்த ரொட்டில் அதிக நேரம் போனது இந்த 4 மி.மீ.க்குத்தான், போகவேண்டியதும் அங்கேதான்.

கண் முனை வெல்டிங்

குரோமின்மேல் வெல்டிங் செய்யக்கூடாது. குரோம் வெல்டுக்குள் கலந்து வெடிக்கும், புகையில் ஆறுவலு குரோமியம் எழும். அது நுரையீரல் புற்றுநோயைத் தரும் பொருள். சிலிண்டர் முழுக்க உள்வாங்கியபோது கிளாண்டுக்கும் கண்ணுக்கும் இடையே 55 மி.மீ. இருந்ததை முன்பே அளந்து வைத்திருந்ததால் முனையிலிருந்து 30 மி.மீ. வரை குரோமை எடுக்க இடமிருந்தது. வெல்ட் விழும் 20 மி.மீ.யில் கடினத் தோலையும் 45 மி.மீ. விட்டம்வரை இறக்கியாயிற்று.

சி45-இல் கரி 0.42 முதல் 0.50 வீதம். குளிர்ந்த நிலையில் வெல்ட் செய்தால் பக்கத்து உருக்கு கண்ணாடி போலாகி வெடிக்கும். 250 பாகைக்குச் சூடேற்றி வெப்பச் சோக்கால் சரிபார்க்க வேண்டும். 7018 வெல்டிங் குச்சிகளை 300 முதல் 350 பாகையில் ஒரு மணிநேரத்துக்குக் குறையாமல் உலர்த்தி, எடுத்த சூட்டோடு பயன்படுத்தவேண்டும். மூடுபனி பட்டறைக்குள்ளேயே வந்துபோகும் ஊரில், திறந்த பெட்டியில் கிடந்த குச்சி நீரையும் ஐதரசனையும் வெல்டுக்குள் கொண்டுபோகும். எதிரெதிர்க் கால்வட்டங்களாக ஓட்டினால் ரொட் ஒருபக்கம் இழுபடாது. முடிந்ததும் சுண்ணாம்புத் தூளில் புதைத்து ஓரிரவு ஆறவிடவேண்டும்.

எர்த் கிளாம்பைக் கண்ணில் மாட்டவேண்டும், ரொட்டில் அல்ல. ரொட் மரக்கட்டையின்மேல் கிடக்கவேண்டும், இரும்பு மேசையில் கிடந்தால் தொடும் இடத்தில் தீப்பொறி பாய்ந்து குழி விழும். மீதி நீளத்தைத் தீப்பொறி படாமல் கனத்த துணியால் சுற்றவேண்டும்.

பூட்டுதலும் சோதனையும்

குரோம் காந்தத்தில் ஒட்டாது. லேத் சுருள்களை எடுக்கக் காந்தத்தை ஓட்டிவிட்டுச் சுத்தமாயிற்று என்று நினைத்தால் ஆபத்தான சில்லுகள்தான் மிஞ்சும். மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். முதல் ரொட்டின் சில்லுகள் எண்ணெயில் சுற்றியிருக்கும் என்பதால் சிலிண்டர் குழலின் உட்புறத்தில் கீறல் உண்டா என்று பார்த்து, திரும்பு ஃபில்டரையும் மாற்றினார்கள். குழல் தப்பியிருந்தது.

மரையின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சுற்றி, ஒயில் பூசி, அதன்மேல் கிளாண்டை ஏற்றவேண்டும். வெளியே தூசைத் துடைக்கும் வைப்பர், உள்ளே ரொட் சீல். சீலின் திறந்த உதடு அழுத்தத்தை நோக்கி. நட்டின் இறுக்கத்துக்கு இயந்திரத்தின் சேவைப் புத்தகத்தில் உள்ள டோர்க் எண்ணைத்தான் எடுக்கவேண்டும். நீளக் குழாய் மாட்டி இருவர் தொங்குவது அளவாகாது.

பூட்டியபின் குறைந்த எஞ்சின் வேகத்தில் சுமையின்றிப் பலமுறை முழு நீளத்துக்கு ஓட்டிக் காற்றை வெளியேற்றி, பின்னர் சுமையோடு ஸ்டிக்கை நீட்டி நிறுத்தி, ரொட்டில் கிளாண்ட் ஓரமாகப் பென்சில் கோடு போட்டு 10 நிமிடம் விட்டார்கள். கோடு நகரவில்லை. ரொட்டில் மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தது. அது இருக்கவேண்டியதே. துளியாகத் திரண்டால்தான் கசிவு.

ஒப்பரேட்டருக்கு எழுதிக் கொடுத்தவை சில. உரம் ஏற்றிய அன்றே எல்லா ரொட்டுகளையும் நல்ல நீரால் கழுவவேண்டும். வேலை முடிந்து நிறுத்தும்போது இயன்றவரை ரொட்டுகள் உள்ளே இருக்கும்படி நிறுத்தவேண்டும். வெளியே நிற்கும் நீளத்துக்கு ஹைட்ரோலிக் ஒயில் தோய்ந்த துணியால் ஒரு துடைப்பு. நாட்கணக்கில் நிற்கப்போகிறதென்றால் கிறீஸ் பூசி, ஓட்டுமுன் அதைத் துடைத்தெடுக்கவேண்டும், இல்லாவிட்டால் கிறீஸில் ஒட்டிய மணலை வைப்பர் உள்ளே இழுக்கும். அதே பெக்கோவின் பூம் சிலிண்டரிலும் பக்கெட் சிலிண்டரிலும் மயில்துத்தச் சோதனை செய்தபோது பக்கெட் ரொட்டில் சிவப்புப் புள்ளிகள் தென்பட்டன. நகத்துக்கு இன்னும் எட்டவில்லை. அதன் சீலை இப்போது தொடவேண்டாம், புள்ளிகள் நகத்தில் தட்டுப்படும் நாளில் ரொட்டை மாற்றலாம் என்று முடிவாயிற்று.